சவுண்ட் கார்ட் வாங்கி விற்போர் கவனத்திற்கு

கடந்த பெருநாள் விடுமுறையில் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, பஸ் நிலையத்துக்கு அருகில் கணினி உதிரிப் பாகங்கள் விற்கும் நண்பர் ஒருவரின் கடையில் ஒரு பகற்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. லுஹருக்குப் பின்னர் இரண்டு வாடிக்கையாளர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். முதலாமவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர். "நானா, 7.1 சவுண்ட் கார்ட் இருக்கோ? கேமில எதிரி எந்தப் பக்கத்தால வாறான் எண்டு விளங்குதில்லை" என்றார். இரண்டாமவர் சுன்னாகத்தில் கல்யாண வீடியோ எடுத்துக் கொடுப்பவர். முந்திய வாரம் வாங்கிய கார்டைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். "இதைப் போட்ட பிறகும் அதே இரைச்சல்தான். காசைத் திருப்பித் தாங்கோ நானா."

அவர்கள் போன பின்பு நண்பர் மேசை லாச்சியைத் திறந்து காட்டினார். விரலளவு யூ.எஸ்.பி சவுண்ட் கார்டுகள் முப்பது நாற்பது கிடந்தன. எல்லாப் பெட்டியிலும் 7.1 என்று கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்ததாம். "இதில எது நல்லது, எது கூடாது எண்டு எனக்கே தெரியாது. வாறவருக்கு நான் என்னத்தைச் சொல்ல?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. கொழும்பிலிருந்து சரக்கு எடுக்கும் சிறு வியாபாரிகள் பலரும் பெட்டியில் அச்சிட்டதை நம்பித்தான் வாங்குகிறோம், அதையே வாடிக்கையாளரிடம் ஒப்புவிக்கிறோம். சவுண்ட் கார்ட் விடயத்தில் இது கைமுதலையே முடக்கிவிடும். ஏனெனில் கேம் விளையாடுபவர் தேடுவது ஒன்று, இசை கேட்பவரும் பதிவு செய்பவரும் தேடுவது வேறொன்று. பெட்டியிலுள்ள இலக்கம் இரண்டுக்குமே சரியான விடை சொல்வதில்லை. கடையில் வைத்தே பத்து நிமிடம் காதால் சோதித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இன்றைய எந்தக் கணினியும் சவுண்ட் கார்ட் இல்லாமலே பாடும். இன்டெல் நிறுவனம் 1997இல் ஏ.சி.97 என்ற அமைப்பையும் 2004இல் ஹை டெபினிஷன் ஓடியோ என்ற அமைப்பையும் கொண்டுவந்த பின்னர், ஒலிக்கான சிப்பு மதர்போர்ட்டிலேயே வந்துவிட்டது. தாய்வானின் ரியல்டெக் நிறுவனத்தின் நண்டுச் சின்னம் பெரும்பாலான கணினிகளில் இருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். எனவே தனிக் கார்ட் வாங்குபவர் "சத்தம் வர வேண்டும்" என்று வாங்குவதில்லை. ஏற்கெனவே வரும் சத்தத்தில் ஏதோ குறை கண்டே வருகிறார். அந்தக் குறை என்னவென்று கேட்டறியாமல் எந்தக் கார்டையும் கையில் எடுக்கக் கூடாது.

ஆதியில் நிலைமை வேறாக இருந்தது. 1981இல் வந்த ஐ.பி.எம் கணினியில் 'பீப்' சத்தம் மட்டுமே. 1987இல் கனடாவின் அட்லிப் நிறுவனம் இசை வாசிக்கும் கார்டை விற்றது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அட்லிப் செய்ததையெல்லாம் அதுவும் செய்தது. கூடவே பதிவு செய்த குரலையும் ஒலித்தது, ஜோய்ஸ்டிக் செருகும் துவாரத்தையும் கொண்டிருந்தது. மூன்று ஆண்டுகளில் அட்லிப் வங்குரோத்தாகியது. அதே 1992இல் கிரியேட்டிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்த முதலாவது சிங்கப்பூர் கம்பனியாகியது. அதன் நிறுவுநர் சிம் வொங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார். வாடிக்கையாளருக்கு வேறு எங்கே செலவு இருக்கிறது என்று பார்த்து, அதையும் தன் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தவர் அவர். அந்த ஜோய்ஸ்டிக் துவாரத்தை நினைக்கும்போதெல்லாம் வியாபார மூளை என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இனி இலக்கங்களுக்கு வருவோம். பெட்டியில் மூன்று வகை இலக்கங்கள் இருக்கும். பிட், ஹேர்ட்ஸ், டெசிபெல்.

ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் என்பது கணக்கு. 16 பிட் என்றால் 96 டெசிபெல். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம் இது. சீ.டீ. தட்டு இந்த 16 பிட்டில்தான் இருக்கிறது. 24 பிட் என்றால் காகிதத்தில் 144 டெசிபெல். ஆனால் உலகில் நல்ல கருவிகளே 120ஐச் சற்றுத் தாண்டி நின்றுவிடுகின்றன. ஹேர்ட்ஸும் அப்படித்தான். மனிதக் காது கேட்பது 20 ஆயிரம் ஹேர்ட்ஸ் வரை. அதற்குச் சற்றுக் கூடிய இரு மடங்கான 44,100 போதும் என்றே சீ.டீ. தட்டை வடிவமைத்தார்கள். 192 ஆயிரம் என்று அச்சிட்டிருப்பதால் பாட்டு இனிமையாகிவிடாது.

பெயர் பெற்ற கம்பனிகளின் பெட்டியும் விதிவிலக்கல்ல. கிரியேட்டிவ் 2001இல் விற்ற ஓடிஜி கார்டை 24 பிட் என்று விளம்பரப்படுத்தியது. உள்ளே ஒலியைக் கையாளும் பகுதி 16 பிட், 48 ஆயிரம் ஹேர்ட்ஸிலேயே இயங்கியது. வெளியே வரும் வாசலில் மட்டும் 24 பிட் சிப்பு. இதற்காக அக்கம்பனி அக்காலத்தில் பலத்த கண்டனத்துக்கு உள்ளானது.

மூன்றாவதான டெசிபெல் இலக்கம், ஒலிக்கும் பின்னணி இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்கிறது. மூன்றிலும் பயனுள்ளது இதுவே. ஆனால் இது எங்கே அளக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். ரியல்டெக்கின் ஏ.எல்.சி.1220 சிப்பு உள்ள மதர்போர்ட்டுகளில் 120 டெசிபெல் என்று போட்டிருப்பார்கள். அது சிப்பின் இலக்கம். சிப்பிலிருந்து ஹெட்போன் துவாரம் வரை வரும் செப்புப் பாதை, கிராபிக்ஸ் கார்ட்டையும் மின்விசிறியையும் கடந்து வருவதற்குள் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பெட்டி சொல்லாது. கேஸின் முன்புறத் துவாரத்தில் ஹெட்போனைச் செருகினால் இன்னும் மோசம். முன்துவாரத்தில் இரைச்சல் என்று வருபவரை முதலில் பின்துவாரத்தில் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். அரைவாசிப் பேருக்குக் கார்ட் விற்க வேண்டிய தேவையே இராது.

அடுத்தது அந்த மாணவர் கேட்ட 7.1. இது எட்டு ஒலிபெருக்கிகளுக்கு எட்டுத் தனித்தனி ஒலி அனுப்புவதைக் குறிக்கும். சாதாரண துவாரம் ஒன்றில் இடம், வலம் என இரண்டுதான் போகும். ஆகவே உண்மையான 7.1 கார்டில் ஒலி வெளியேற நான்கு துவாரங்களாவது இருக்க வேண்டும். நண்பரின் லாச்சியில் கிடந்தவற்றில் ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று. இத்தகையவற்றில் பரவலாகப் பாவிக்கப்படும் சீ-மீடியாவின் சி.எம்.108 சிப்பு இரண்டு சனல், 16 பிட், 48 ஆயிரம் ஹேர்ட்ஸ் கொண்டது. பெட்டியின் ஓரத்தில் 'வேர்ச்சுவல்' என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். துவாரத்தை எண்ணிப் பார்த்தாலே விடயம் விளங்கிவிடும்.

அப்படியானால் ஹெட்போனில் திசை எப்படித் தெரிகிறது? வலப் பக்கத்துச் சத்தம் இடக் காதுக்கு ஒரு மில்லிசெக்கனிலும் குறைந்த நேரம் பிந்தியும் சற்று மெலிந்தும் சேர்கிறது. காது மடலின் வளைவும் முன், பின், மேல், கீழ் என்று நிறம் மாற்றுகிறது. மூளை இதை வைத்துத் திசையைக் கணிக்கிறது. கணினியும் இதே கணக்கைப் போட்டு இரண்டு காதுக்கும் அனுப்பலாம். 1990களின் இறுதியில் ஓரியல் என்ற அமெரிக்கக் கம்பனி இதில் கைதேர்ந்திருந்தது. கிரியேட்டிவ் அதன்மீது வழக்குத் தொடுத்தது. ஓரியல் வழக்கில் வென்றும் செலவு தாங்காமல் 2000இல் வங்குரோத்தாக, கிரியேட்டிவே அதன் சொத்துக்களை வாங்கியது. வழக்கில் வென்றவர் கடையைப் பூட்டியதும் தோற்றவர் அதை வாங்கியதும் நமது ஊர்களிலும் நடக்காத கதையல்ல.

அக்காலத்தில் கேமுக்கு நல்ல கார்ட் அவசியமாகவே இருந்தது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டா, கேம்கள் சவுண்ட் கார்ட்டின் சிப்போடு நேரடியாகப் பேசிவந்த வழியை மூடிவிட்டது. அன்றிலிருந்து திசைக் கணக்கைக் கேமே பிராசஸரில் போட்டுக்கொள்கிறது. கவுண்டர் ஸ்ட்ரைக், வேலோரன்ட் போன்ற இன்றைய கேம்களின் செட்டிங்கிலேயே ஹெட்போனுக்கான திசை ஒலி இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, கார்ட்டின் வேர்ச்சுவல் 7.1ஐயும் இயக்கினால் கணக்கின் மேல் கணக்கு ஏறிக் காலடிச் சத்தம் குழம்பிப்போகும். எதிரி எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று விளங்காததற்கு இதுவே காரணமாக இருக்கக் கூடும். ஏதாவது ஒன்றை நிறுத்திப் பார்க்கும்படி அந்த மாணவருக்கு நண்பரின் தொலைபேசியிலேயே சொன்னோம். அவர் பாவித்தது புளூடூத் ஹெட்செட் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. புளூடூத்தில் ஒலி பெரும்பாலும் 100 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தியே வரும். துப்பாக்கிச் சண்டையில் அது நீண்ட நேரம். வயர் உள்ள ஹெட்செட் ஒன்றே அவருக்குப் போதுமானது.

சுன்னாகத்துக்காரரின் கதை வேறு. குடாநாட்டு வியாபாரிகள் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் இது. மின்சாரம் எப்படியோ ஒலியும் அப்படியே என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இரைச்சல் கேட்டால் உடனே கார்ட்டைத்தான் சந்தேகிக்கிறார்கள். நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 'உம்ம்ம்' என்ற தடித்த இரைச்சல் கேட்டால் அது பெரும்பாலும் இந்த 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளுமே. கணினியின் பவர் சப்ளையில் உள்ள வடிகட்டி, சிறிதளவு மின்னோட்டத்தை எர்த் வயர் வழியாகத் தள்ளிவிடும் வகையில் செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு முள் மல்ட்டி பிளக்கில் செருகினால் எர்த் அறுந்துவிடுகிறது. அப்போது அந்த மின்னோட்டம் கேஸின் உலோகத்தில் தங்கும். கை பட்டால் 'சுர்' என்று இழுக்கும். அம்ப்ளிஃபையருக்கு ஓடியோ வயரைக் கொழுவியவுடன் அந்த வயர் வழியாகவே ஓடி இரைச்சலாகும். கணினிக்கு ஒரு அறையில் எர்த், அம்ப்ளிஃபையருக்கு மறு அறையில் எர்த் என்று இருந்தாலும் இரண்டுக்கும் இடையில் வளையம் உண்டாகி அதே இரைச்சல் வரும். இன்னொன்று, குடாநாட்டின் தரை சுண்ணாம்புக் கல். எர்த் கம்பியை ஆழமாக இறக்குவது இலகுவல்ல. வரட்சியில் மேல்மண் காய்ந்தால் எர்த் மேலும் பலவீனமாகும்.

யூ.பி.எஸ்ஸும் ஒரு காரணம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களில் யூ.பி.எஸ், இன்வேர்ட்டர் என்று கிடைத்ததையெல்லாம் சனங்கள் வாங்கினார்கள். விலை குறைந்தவை சீரான அலையாக இல்லாமல் படிக்கட்டுப் போன்ற மின்சாரத்தைத் தருகின்றன. பற்றரியில் ஓடும்போது மட்டும் 'கிர்' என்று கேட்டால் குற்றம் கார்ட்டில் இல்லை.

சுன்னாகத்துக்காரரிடம் விசாரித்தபோது அப்படியே இருந்தது. கணினிக்கு இரண்டு முள் மல்ட்டி பிளக். அம்ப்ளிஃபையர் அடுத்த சுவரில். நண்பர் கார்ட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, எர்த் உள்ள 13 அம்பியர் எக்ஸ்டென்ஷன் ஒன்றைக் கொடுத்து, எல்லாவற்றையும் அதில் மட்டும் செருகிப் பாருங்கோ என்று அனுப்பினார். சிலர் இரைச்சலை நிறுத்த எர்த் முள்ளையே வெட்டிவிடுவதுண்டு. இரைச்சல் நிற்கலாம், ஆனால் உயிருக்கு ஆபத்து. அப்படிச் செய்யும்படி எந்த வாடிக்கையாளருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

கார்ட்டை எடுக்கும் முன் கடையில் செய்யக்கூடிய சோதனைகளைச் சொல்கிறேன். மொத்தமாக எடுப்பதற்கு முன் ஒரு மாதிரியை வாங்கிவந்து செய்யுங்கள்.

முதலாவது மௌனச் சோதனை. காதுக்குள் வைக்கும் சாதாரண இயர்போனைச் செருகி, எதையும் ஓடவிடாமல் ஒலியை முழுவதும் கூட்டுங்கள். மவுஸை அசையுங்கள். பெரிய கோப்பு ஒன்றைக் கொப்பி செய்யுங்கள். கேம் ஒன்றைத் திறந்து கிராபிக்ஸ் கார்ட்டை உழைக்க விடுங்கள். 'ஸ்ஸ்' என்றோ 'க்ரீச்' என்றோ கேட்கிறதா? கேட்காவிட்டால் அந்தக் கார்ட் பாதிப் பரீட்சையில் பாஸ். இந்தச் சோதனை கேமுக்கும் இசைக்கும் பொதுவானது. தூரத்துக் காலடியும் மெல்லிய சுருதியும் ஒரே இரைச்சலுக்குள்தான் மறைகின்றன.

இரண்டாவது, நன்கு பழகிய பாட்டு. நாகூர் ஈ.எம். ஹனிபாவின் உச்சக் குரல் ஒன்றைப் போடுங்கள். மேலே போகும்போது குரல் கரகரத்தால், 'ச', 'ஸ' எழுத்துக்கள் காதைக் குத்தினால் கார்ட்டில் குறை. தவிலும் நல்ல அளவுகோல். ஒரு பக்கம் ஆழமான தொனி, மறுபக்கம் சுள்ளென்ற அடி. இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் தனித்தனியே கேட்க வேண்டும். அளவெட்டி தெட்சணாமூர்த்தியின் பழைய பதிவுகளைப் போட்டு யாராவது குறை சொன்னால், அந்த இரைச்சல் அந்தக் கால நாடாவினுடையது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். சோதனைக்குப் புதிய பதிவே உகந்தது. பேஸ் பூஸ்ட், 3டி முதலிய அலங்காரங்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டே கேட்க வேண்டும்.

இரண்டு கார்டுகளை ஒப்பிடும்போது ஒரு முக்கிய விடயம். சத்தம் சற்றுக் கூடியதே நல்லது என்று காது ஏமாறும். எனவே இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்து, எது எதுவென்று கேட்பவருக்குத் தெரியாதபடி கடைப் பையனை மாற்றிப் போடச் சொல்லுங்கள். பலமுறை நான் தோற்றிருக்கிறேன். விலை கூடியது என்று அடித்துச் சொன்னது மதர்போர்ட்டாக இருந்தது.

மூன்றாவது, மைக். பத்து செக்கன் பேசாமல் பதிவு செய்து, ஒலியைக் கூட்டிக் கேட்டுப் பாருங்கள். பதிவு செய்யும் தொழிலில் உள்ளவர்களுக்கு வெளியே போகும் ஒலியை விட உள்ளே வரும் ஒலியே முக்கியம். ஸ்டூடியோ கன்டென்சர் மைக் 48 வோல்ட் கேட்கும். கேம் கார்ட் எதுவும் அதைத் தருவதில்லை. அதற்கு யூ.எஸ்.பி ஓடியோ இன்டர்பேஸ் என்ற தனிப்பெட்டி இருக்கிறது. இப்போது எல்லோரும் கேட்கும் வி8 என்ற, கைதட்டல் பொத்தான் உள்ள பெட்டி, கைத்தொலைபேசியில் நேரலை செய்பவர்களுக்கானது. அதை ஸ்டூடியோவுக்கென்று விற்றால் ஒரு வாரத்தில் திரும்பி வரும்.

ஹெட்போனையும் கேட்டறியுங்கள். கேம் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் 32 ஓம் அளவில் இருப்பதால் எதிலும் சத்தமாகப் பாடும். பேயர்டைனமிக் டி.டி.770 புரோ போன்ற ஸ்டூடியோ ஹெட்போன்கள் 250 ஓமிலும் வருகின்றன. இவற்றை வைத்திருப்பவருக்கு மதர்போர்ட்டின் பலம் போதாது. தனிக் கார்ட்டோ ஹெட்போன் அம்ப்ளிஃபையரோ உண்மையிலேயே தேவைப்படும் வாடிக்கையாளர் இவரே.

சரக்கு விடயத்தில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பழைய பி.சி.ஐ கார்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. புதிய மதர்போர்ட்டுகளில் அந்தத் துவாரம் இல்லை, புதிய விண்டோஸுக்குப் பலவற்றுக்கு டிரைவரும் இல்லை. மற்றது உத்தரவாதம். கம்பனி தருகிறதா, புறக்கோட்டைக் கடைக்காரர் தருகிறாரா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். 2022இல் டொலர் இரண்டு மூன்று மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது, மாற்றிக் கொடுப்பதாகச் சொன்ன பலர் பழைய விலைக்கு மாற்றிக் கொடுக்க முடியாமல் நின்றார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளைப் பற்றி வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. பெட்டியில் அச்சிட்டது கம்பனியாக இருந்தாலும், "இது 7.1தான்" என்று வாயால் சொல்லி விற்பது நாம்தானே.

நான்கு நாட்களின் பின் நண்பர் தொலைபேசியில் பேசினார். சுன்னாகத்தில் இரைச்சல் நின்றுவிட்டது. அந்த மனிதர் மைக்குக்கு இன்டர்பேஸ் ஒன்றின் விலையும் கேட்டிருக்கிறார். கொழும்புக்கு அனுப்பும் ஓடரில் பெரிய கார்ட் ஒன்றே ஒன்று, அதுவும் கேட்டவருக்கு மட்டும். இன்டர்பேஸ் இரண்டு, வயர் ஹெட்செட் பத்து, எர்த் உள்ள எக்ஸ்டென்ஷன் இருபது என்றார்.

லாச்சியில் கிடப்பவற்றை என்ன செய்வது என்றும் கேட்டார். அவை கழிவுப் பொருட்கள் அல்ல. ஹெட்போன் துவாரம் பழுதான லெப்டொப்புக்கு அதைவிட மலிவான மருந்து கிடையாது. 7.1 என்ற எழுத்தின் மேலே "ஜக் பழுதான லெப்டொப்புக்கு" என்று ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டச் சொன்னேன். முதல் கிழமையில் ஆறு போயிருக்கிறது.